வலது பட்டன்

ஸ்டோர் ரூம் சாவி இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும். உள்ளே போனால், பழைய ப்ரொஜெக்டர் பெட்டிகளுக்குப் பின்னால் கறுப்பு பெயின்ட் அடித்த இரும்பு ஸ்டாண்டு ஒன்று நிற்கும். இடுப்பு உயரம். மேலே ஒரு பலகை, பலகையின் இரண்டு ஓரத்திலும் பச்சைப் பட்டன். இடத்தை அடைக்கிறது, பிரித்துப் போடு என்று யாராவது ஒருநாள் சொல்வார்கள். பிரிக்கிறதுக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் இரண்டு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று நம் டிபார்ட்மென்ட் மேடம் கேட்டார். எந்த வயர் எங்கே போகிறது என்பதெல்லாம் ரெஜிஸ்டரில் இருக்கிறது, அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். காக்களூரில் ஒரு பிரஸ் கம்பெனியில் பதினோரு வருஷம் மெஷின் ஓட்டிவிட்டு, அப்புறம் இந்தக் காலேஜுக்கு லேப் அசிஸ்டென்டாக வந்தேன். வந்த புதிதில் டிசைன் டிபார்ட்மென்டில் கம்ப்யூட்டர் மட்டும்தான் இருந்தது. பிற்பாடு இன்டராக்டிவ் மீடியா வந்தது. ஆள் கிட்டே வந்தால் சுவரில் இருக்கிற படம் திரும்பிப் பார்க்கும், தொட்டால் பேசும், அந்த மாதிரி வேலைகள். படிப்பு அவர்களுடையது. ஸ்க்ரூ, ஆணி, வயர், பயம் எல்லாம் என்னுடையது.

பயம் என்று சும்மா எழுதவில்லை. பூட்டின பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன் நான். புதுவாயல் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், யுபிஎஸ்ஸை அணைத்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்து திரும்பி வந்திருக்கிறேன். பிள்ளைகள் எனக்கு 'செக்கிங் அண்ணா' என்று பேர் வைத்திருந்தார்கள். "செக்கிங் அண்ணா, ஃபேன் சுத்துற மாதிரிதான் தெரியுது, எதுக்கும் ஏணி போட்டு ஒரு வாட்டி பார்த்துடுங்க" என்று ஓட்டுவார்கள். நானும் சிரிப்பேன். பயப்படுகிறவன் தப்பு செய்ய மாட்டான் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு உங்களுக்கும் இருந்தால், இனிமேல் எழுதப்போவது அதற்காகத்தான்.

எஸ்தர் என்று ஒரு பெண். கும்மிடிப்பூண்டிக்கு உள்ளே தள்ளி ஒரு காலனியில் இருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய அப்பா மாசிலாமணி அங்கே ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டராக இருந்தவர். பிரஸ் என்றால் தகட்டை அமுக்கி வடிவம் எடுக்கிற மெஷின். வலது கை ஒரு பட்டனில், இடது கை ஒரு பட்டனில் இருந்தால்தான் மேலே இருக்கிற அச்சு கீழே இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு கையும் பட்டனுக்கே போய்விட்டால் பீஸ் வேகமாக விழாது. அதனால் சைக்கிள் டியூபைக் கிழித்து, வலது பட்டனை அமுக்கினபடியே கட்டிவிடுவார்கள். இடது கை பட்டனைத் தட்டும், வலது கை உள்ளே போய் அடுத்த தகட்டு பீஸை வைக்கும். அப்படிக் கட்டியிருந்த மெஷினில் ஒருநாள் மாசிலாமணிக்கு வலது கையில் நடு மூன்று விரலும் போய்விட்டது. 'ஆபரேட்டர் தன் இஷ்டத்துக்குப் பட்டனைக் கட்டியதால் நேர்ந்தது' என்று கம்பெனி எழுதி முடித்துக்கொண்டது. இப்போது வேறொரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிறார்.

இதெல்லாம் எஸ்தர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது இதைத்தான். முதல் நாள் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க பிரஸ்ல இருந்தீங்களாமே. ரெண்டு பட்டனுக்கும் நடுவுல எவ்ளோ இருக்கும்?"

"அளவெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கு?"

"கண்ண மூடிக்கினு கைய வைங்க. நான் அளந்துக்கிறேன்."

கண்ணை மூடினேன். கை தானாகவே போய் அந்தரத்தில் இரண்டு இடத்தில் நின்றது. அவள் நாடாவை வைத்து அளந்து, நோட்டில் குறித்தாள். குறித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"நீங்க டியூப் கட்டி ஓட்டியிருக்கீங்களாண்ணா?"

"சேச்சே. நான் இல்லம்மா. பயம் எனக்கு" என்றேன்.

பொய். பதினோரு வருஷமும் கட்டித்தான் ஓட்டினேன். சேர்ந்த இரண்டாவது நாளே எங்கள் மேஸ்திரி வந்து கட்டிக்காட்டினார். "ரெண்டு கையையும் பட்டன்ல வெச்சுக்கினு சாமி கும்பிடுற மாதிரி நின்னா பீஸ எவன்டா வைப்பான்? உங்க நைனா வந்து வைப்பாரா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மாசத்தில் நான் மற்றவர்களுக்குக் கட்டிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். என் கட்டு அவிழாது என்று பேர். என்னிடம் பத்து விரலும் இருக்கின்றன. அது என் திறமை இல்லை.

அவள் செய்த ப்ராஜெக்ட் இதுதான். பார்க்க வருகிறவர் அந்த ஸ்டாண்டுக்கு முன்னால் நின்று இரண்டு பட்டனையும் அமுக்கிக்கொள்ள வேண்டும். எதிர்ச் சுவரில் படம் ஓடும். மூன்று விரல் இல்லாத ஒரு கை சட்டைக்குப் பட்டன் போடுகிறது. சோறு பிசையப் பார்த்துவிட்டு இடது கைக்கு மாறுகிறது. சர்ச்சில் அப்பம் வாங்க முதலில் நீள்கிறது, அப்புறம் மடங்கிக்கொள்கிறது. நாலு நிமிஷம். நடுவில் ஒரு கையை எடுத்தாலும் சுவர் இருட்டாகிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூக்கு அரித்தாலும், போன் அடித்தாலும் நின்றாக வேண்டும். நின்றால்தான் கடைசியில் மாசிலாமணியின் குரல் வரும்.

ரிவ்யூவில் மேடம், "நாலு நிமிஷம் யாரும் நிக்க மாட்டாங்கம்மா, ரெண்டா குறைச்சிடு" என்றார்.

"எங்கப்பா எட்டு மணி நேரம் நின்னாரு மேடம்" என்றாள் எஸ்தர். மேடம் அப்புறம் குறைக்கச் சொல்லவில்லை.

குரலில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன்.

"அவரு கட்டலண்ணா. சூப்பர்வைசர் கட்டி வெச்சிருந்த மெஷின்ல கொண்டுபோய் நிறுத்துனாங்க. அதைத்தான் சொல்றாரு. சுவத்தைப் பார்த்துக்கினு உக்காந்து, 'ஒரே வாட்டிதான் சொல்வேன்'னு சொல்லி, சொன்னாரு. ஏழு வருஷமா எங்க ஊட்ல அதை யாரும் பேசுனதில்ல. நாலு பேரு நடுவுல அது கேக்கணும், அப்பாவும் அங்க நிக்கணும். மார்க்குகூட அப்புறம்தாண்ணா."

மார்க்கும் அவளுக்கு வேண்டியதுதான். வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் நல்லதாக எழுதுகிற ப்ராஜெக்டுகளைத்தான் சென்னை ஸ்டூடியோக்காரர்களுக்குக் காட்டுவார்கள். அங்கே வேலைக்குப் போக அவள் வீட்டில் வேறு வழி கிடையாது.

கண்காட்சி நாள் காலை. மாசிலாமணி லீவு போட்டுவிட்டு வருகிறார் என்று எஸ்தர் புதுவாயல் பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினாள். "அரை மணி நேரம்ணா. யாரையும் தொட விடாதீங்க" என்றாள். முந்தின நாள் முழுக்க கூடப்படிக்கிறவர்கள் ஆளாளுக்கு அமுக்கிப் பார்த்திருந்தார்கள். என் சுபாவம் தெரியுமே, சும்மா இருக்க முடியவில்லை. நானே நின்று ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவை ஓடியது. இரண்டாம் தடவையும் ஓடியது. மூன்றாம் தடவை, கை எடுக்காமலே சுவர் இருட்டாகிவிட்டது. வலது பட்டனுக்குள்ளே இருக்கிற தகடு தேய்ந்து, தொட்டும் தொடாமலும் இருந்தது.

மூன்றாவது டிராயரில் புதுப் பட்டன் இரண்டு இருந்தது. பயத்தில் நானே வாங்கி வைத்தது. கழற்றி, வயரைப் பற்றவைத்து, மாட்ட இருபது நிமிஷம். ஆனால் எக்ஸாமினர் பக்கத்து ரூமுக்கு வந்துவிட்டார். பேச்சுக் குரல் கேட்டது. பலகை பிரிந்து, வயர் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளே வந்தால்? செக்கிங் அண்ணா இருந்தும் இப்படியா என்று மேடம் கேட்டால்? ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கிற நேரத்தில்? என் மனசுக்கு அப்போது இருட்டான சுவர் ஒன்றுதான் தெரிந்தது. அந்தச் சுவரில் எப்படியாவது படம் ஓடினால் போதும் என்று இருந்தது.

கேமரா ஸ்டாண்டுகளைச் சேர்த்துக் கட்ட லேபில் ஒரு பழைய சைக்கிள் டியூப் வைத்திருந்தேன். எப்போது அதை எடுத்தேன், எப்போது கிழித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வருஷக்கணக்காகக் கட்டாத கட்டை என் விரல் ஒரு தடவைகூட யோசிக்காமல் போட்டது. பட்டன் இறுக்கமாக அமுங்கி, உள்ளே தகடு விடாமல் தொட்டபடி நின்றது. டியூப் தெரியாமல் இருக்கக் கறுப்புத் துணி சுற்றினேன். ஒரு பக்கம் மட்டும் துணி இருந்தால் கண்ணை உறுத்தும் என்று இடது பட்டனைச் சுற்றியும் துணி வைத்தேன். ஓட்டிப் பார்த்தேன். சுவர் அணையவில்லை. பெரிய நிம்மதி. அந்த நிம்மதியையும் மறைக்காமல் எழுதுகிறேன். தப்பு செய்கிற நேரத்தில் அது தப்பு மாதிரி இருக்காது. பிரச்சினை தீர்ந்த மாதிரிதான் இருக்கும்.

எக்ஸாமினர் வந்தார், கூட மேடம். பலகையில் இரண்டு கையையும் வைத்தார். ஒரு நிமிஷம் கவனமாகப் பார்த்தார். பையில் போன் அதிர்ந்தது. வலது கையை எடுத்து போனை வெளியே எடுத்தார். படம் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒரு கையே போதுமே மேடம். எதுக்கு ரெண்டு பட்டன்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் எஸ்தர் அப்பாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள். "இவங்கதான் மாணவி, இது அவங்க அப்பா" என்று மேடம் சொன்னார். எக்ஸாமினர் மரியாதையாக ஒதுங்கி, "நீங்க நில்லுங்க ஐயா" என்றார். மாசிலாமணி தயங்கினார். மகளைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார்.

ஸ்டாண்டுக்கு முன்னால் அவர் நின்ற விதத்தைப் பார்த்தேன். கால் அகட்டி, தோளை ஒரு பக்கம் லேசாக இறக்கி. நானும் அப்படித்தான் நிற்பேன். இடது கையை வைத்தார். வலது உள்ளங்கையை மற்ற பட்டன்மேல் வைத்தார். சுவரில் அவர் கையே அவர் சட்டைக்குப் பட்டன் போட ஆரம்பித்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. குனிந்து வலது பட்டனைப் பார்த்தார். உள்ளங்கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அது எழும்பவில்லை, அமுங்கவில்லை. இடது கையை எடுத்து அந்தத் துணியை விலக்கினார். சுவர் இருட்டாகிவிட்டது. டியூப் வெளியே தெரிந்தது.

"யாரு கட்னது?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

"பாப்பா. நீயா?"

எஸ்தர் டியூபைப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நான் இல்லப்பா" என்றாள்.

"உங்க ப்ராஜெக்ட்தானே? வேற யாரு வந்து கட்டப்போறாங்க?" என்று கேட்டார் எக்ஸாமினர்.

அவள் என்னைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. நானாகச் சொல்வேன் என்று இடம் விட்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே ஒரு வயர் கோணலாகக் கிடந்தது. நான் அதைக் காலால் நேராக்கினேன். அதைத்தான் செய்தேன். எக்ஸாமினர் பேனாவை எடுத்து எழுதினார். மாசிலாமணி கையை மறுபடி பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எஸ்தர் அவர் பின்னால் ஓடினாள். எஸ்தர் பதிவு செய்து வைத்திருந்த அவர் குரல் அந்த ரூமில் கேட்கவே இல்லை.

எக்ஸாமினர் அடுத்த ரூமுக்குப் போன பிறகு வராண்டாவில் மேடத்திடம் சொன்னேன். நான்தான் மேடம் என்றேன். "'காட்சிக்காகப் பட்டனைக் கட்டி வைத்திருக்கிறார், தன் வேலையைத் தானே சரிபார்க்கவில்லை'ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டார். இதை அங்கேயே சொல்லியிருக்கக்கூடாதா?" என்றார்.

பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். லாரிகள் போகிற புழுதியில் மாசிலாமணி தனியாக நின்றிருந்தார். மகளைத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தார்.

"ஐயா, அது உங்க பொண்ணு கட்டல. நான்தான் கட்னேன். பட்டன் போயிடுச்சு, பயத்துல கட்டிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் என் கையைப் பார்த்தார். முகத்தை இல்லை, கையை. பத்து விரலையும்.

"நீங்களும் பிரஸ்ஸா?"

"ஆமாங்க."

"முடிச்சைப் பார்த்தப்பவே நெனச்சேன். எம் பொண்ணுக்கு அந்த முடிச்சு வராது." பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்க சூப்பர்வைசரும் இப்படித்தான் வந்தாரு சார். ஆஸ்பத்திரிக்கு. பக்கத்துல யாருமில்லாத நேரமா பார்த்து. 'நான்தான் கட்னேன் மாசிலாமணி, மன்னிச்சிடு'ன்னு அழுதாரு. அழுவாத சார், எழுதிக் குடுன்னேன். இன்னிக்கு வரைக்கும் குடுக்கல."

பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார்.

அன்றைக்கே ஒரு வெள்ளைப் பேப்பரில் எழுதினேன். ஐந்து வரிதான். மேடம் படித்துவிட்டு, "இதை ஆபீசுக்கு அனுப்பினா விசாரணை வைப்பாங்க. உங்களுக்கு ஒரு வருஷம்தான் இருக்கு. மார்க் மாறும்னும் நிச்சயமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். யோசித்தேன். அன்றைக்கு, அடுத்த நாள், அதற்கடுத்த நாள். யோசிக்கிறது எனக்குக் கைவந்த வேலை. பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஒரு வருஷம் கழிந்தது, ரிட்டயர் ஆகிவிட்டேன்.

எஸ்தர் பாஸ் ஆனாள், அவ்வளவுதான். ஸ்டூடியோக்காரர்கள் வந்த அன்று அவள் ப்ராஜெக்ட் ஸ்டோர் ரூமில் கிடந்தது. இப்போது ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் டிசைன் போடுகிறாள். லேப் கார்டைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க டியூப் கட்டியிருக்கீங்களான்னு அன்னிக்குக் கேட்டேனேண்ணா?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். லேப் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு அட்டை தொங்கும். 'பழுது. இருபது நிமிஷம்' என்று எழுதியிருக்கும். என் கையெழுத்து. அந்த வாரமே எழுதி மாட்டினேன். யார் வந்தாலும், எவ்வளவு பெரிய ஆள் நின்றாலும், ஓடாததை ஓடவில்லை என்று மாட்டிவிடுங்கள். எக்ஸாமினர் காத்திருப்பார். காத்திருக்கவில்லை என்றாலும் அவருடைய பேனா உங்கள் பேரை எழுதட்டும், பிள்ளையின் பேரை இல்லை. தப்பாகி, யாராவது கேட்டால், கேட்ட இடத்திலேயே, கேட்டவர்கள் எல்லாரும் இருக்கும்போதே சொல்லுங்கள். வராண்டாவில் சொல்வதும் பஸ் ஸ்டாப்பில் சொல்வதும் சொல்லாததுதான்.

பயம் போகாது. எனக்கு இன்றைக்கும் போகவில்லை. இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பயப்படுங்கள், தப்பில்லை. அதற்குத் துணி சுற்றாதீர்கள்.

இதை இரண்டு நகல் எடுத்திருக்கிறேன். ஒன்றை டிபார்ட்மென்ட் ஃபைலில் போடச் சொல்லி மேடத்திடம் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை அவர் யோசிக்கச் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார். இன்னொன்றை நாளைக் காலை கும்மிடிப்பூண்டிக்கு எடுத்துப் போகிறேன், மாசிலாமணி ட்யூட்டியில் இருக்கிற கேட்டுக்கு. அவர் வாங்குவாரா என்பது தெரியவில்லை. வாங்கவில்லை என்றால், கேட்டில் வருகிறவர்களுக்கு ஒரு ரெஜிஸ்டர் வைத்திருப்பார்கள். பேர் எழுதிக் கையெழுத்துப் போடாமல் யாரையும் அவர் உள்ளே விட முடியாது. அதில் 'வந்த காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும்.

சின்னக் கட்டம்தான். 'வலது பட்டனைக் கட்டியது நான், எஸ்தர் இல்லை' என்று எழுத இடம் போதும்.